வாசகர் கேள்வி–பதில்: காபிப் பழத்துக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

கேள்வி: மூன்று தலைமுறையாக ஒரே கடையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து வாங்கும் குடும்பம் எங்களுடையது. கடைப் பலகையில் ‘பிளான்டேஷன் ஏ’, ‘பீபெரி’ என்று எழுதியிருக்கிறது. அதை விளைவித்தவருக்கு நியாயமான விலை போய்ச் சேர்ந்ததா என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பலகையை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. ‘பிளான்டேஷன்’ என்றால் பெரிய எஸ்டேட்டில் விளைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். வணிகத்தில் அது, பழத்தின் தோலை நீக்கி, நீரில் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். ‘ஏ’ என்பது 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கும் பருமன். ஒரு பழத்துக்குள் வழக்கமான இரண்டு கொட்டைகளுக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைந்திருந்தால் அது பீபெரி. மூன்று சொற்களும் கொட்டையைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, அதைப் பயிரிட்டவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தியாவில் காபி பயிரிடுவோரில் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல் 10 ஹெக்டேருக்குக் குறைவான நிலம் உள்ளவர்கள் என்பதால், உங்கள் பிளான்டேஷன் ஏ இரண்டு ஏக்கர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அப்படி ஒரு தோட்டத்துக்கு, கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குச் சற்றுக் கீழே, ஒரு தை மாதக் காலையில் போயிருந்தேன். வீட்டு முற்றமே உலர்களம். அதில் பார்ச்மென்ட், அதாவது மேல்தோல் நீக்கிய பிறகும் உள்தோல் போகாத கொட்டை, காய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பில் வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி, ஒரு கொட்டையின் உள்தோலை நகத்தால் உரித்து, முன்பல்லால் கடித்துப் பார்த்து, ‘இன்னும் ஒரு வெயில் வேணும்’ என்றார். அந்த ஒரு வெயிலுக்காக மூட்டைக்கு ஒரு கிலோவும் சாக்குக்காக இன்னொரு கிலோவும் எடையிலிருந்து கழிந்தன. பார்ச்மென்டில் 10 விழுக்காடு ஈரம் இருக்கலாம் என்பது கணக்கு. அதை அளக்கும் கருவி அந்தக் களத்தில் இல்லை, வியாபாரியின் பல்தான் இருந்தது. அவரைக் குறை சொல்லவும் வீட்டுக்காரருக்கு வழியில்லை, ஏனென்றால் ஆடி மாதத்தில் உரத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர்தான். முன்பணம் வாங்கியவர் வேறு ஆளிடம் விலை கேட்க முடியாது. உலகச் சந்தையில் அராபிகாவின் விலையை நியூயார்க் பண்டச் சந்தை முடிவு செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த விலையில் எவ்வளவு இந்த முற்றம் வரை வந்து சேரும் என்பதை முடிவு செய்வது முன்பணமும் தராசும்தான்.

கேட்டால் நம் தம்ளரின் விலை ஏறிவிடுமே என்ற தயக்கம் இருந்தால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழத்தில் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கிறது; வறுக்கும்போது எடை குறைவதால், ஒரு கிலோ தூளுக்குச் சுமார் ஏழு கிலோ பழம் வேண்டும். ஒரு தம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், பழத்துக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் தம்ளருக்கு ஏறுவது எழுபது காசு. ஆகவே கூச்சமில்லாமல் கடைக்காரரிடம் கேளுங்கள்: எந்த மலைக் காபி, விவசாயியிடமே வாங்கினீர்களா, என்ன விலைக்கு, எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள்? அவருக்கே தெரியவில்லை என்றால், பத்துப் பேர் கேட்ட பிறகு தெரிந்துகொள்வார்.

கேள்வி: முத்திரை குத்திய காபியை வாங்கினால் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: முத்திரைக்கு முத்திரை வேறுபாடு உண்டு. இயற்கை வேளாண்மை முத்திரை, மண்ணில் என்ன போட்டார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர விலையைச் சொல்வதில்லை. பச்சைத் தவளை போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை காட்டையும் தொழிலாளர் நிலையையும் கவனிக்கிறது. குறைந்தபட்ச விலை எதையும் நிர்ணயிப்பதில்லை. விலைக்குத் தரை போடுவது ஃபேர்டிரேடு. 1988-இல் நெதர்லாந்தில், மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த காபிக்காக ‘மாக்ஸ் ஹாவலார்’ என்ற பெயரில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது. 2023 ஆகஸ்டில் ஃபேர்டிரேடு, கழுவிய அராபிகாவுக்கு ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 454 கிராம்) 1.80 டாலர் குறைந்தபட்ச விலை என்று வைத்தது. அதற்கு மேல் 20 சென்ட் ஊக்கத்தொகை. ஆனால் அந்த விலை கப்பலேறும் துறைமுகத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுப்பது. பதப்படுத்தல், போக்குவரத்து, சங்கச் செலவு போக மீதிதான் விவசாயியின் கைக்கு வரும். 2025 பிப்ரவரியில் நடந்ததுபோல் சந்தை விலையே நான்கு டாலரைத் தாண்டும்போது இந்தத் தரைவிலை, வெயிலில் மடக்கிவைத்த குடைதான். அதன் அருமை விலை சரியும் ஆண்டில் தெரியும்.

இன்னொன்று: சான்று பெறத் தணிக்கைக் கட்டணமும் பதிவேடுகளும் வேண்டும் என்பதால், இரண்டு ஏக்கர்காரர் தனியாக அதை வாங்க முடியாது. முத்திரை இல்லாத காபி நியாயமற்ற காபி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: சிக்கரி கலப்பது காபி விவசாயியின் வயிற்றில் அடிப்பதாகாதா?
– வாசகர், திருச்சி

பதில்: சிக்கரியும் குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விவசாயிகள் விளைவிக்கும் கிழங்குதான். காபித் தூளில் அது 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, எவ்வளவு என்பதை உறையில் எழுத வேண்டும் என்பது சட்டம். பாதிச் சிக்கரிக்கு முழுக் காபி விலை கொடுக்கிறீர்களா என்று மட்டும் உறையைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: காபி வாரியமே வாங்கிக்கொண்டிருந்த காலம் சிறு விவசாயிக்கு இதைவிட மேலாக இருந்தது அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: பாதி அளவுக்குத்தான் மேலாக இருந்தது என்பேன். 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விளைச்சலை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. யாரிடம் விற்பது என்ற கவலை இல்லை. ஆனால் பணம் தவணை தவணையாக, சில சமயம் அடுத்த அறுவடையும் முடிந்த பிறகே வந்தது. அந்தக் காத்திருப்பைத் தாங்கப் பெரிய தோட்டக்காரரால் முடிந்தது, சிறியவரால் முடியவில்லை. 1992 முதல் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழு விளைச்சலையும் விரும்பிய இடத்தில் விற்கலாம் என்றானது. பிரேசிலில் 1994-இல் காபிச் செடிகளை உறைபனி தாக்கியதால் உலகச் சந்தை விலை ஏறியிருந்த நேரம் அது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் நாடுகளிடையே ஏற்றுமதி அளவைக் கட்டுப்படுத்திவந்த உடன்படிக்கை 1989-லேயே முறிந்துபோயிருந்தது. 2001-இல் அராபிகா பவுண்டுக்கு ஐம்பது சென்டுக்கும் கீழே சரிந்தபோது தடுத்து நிறுத்த வாரியத் தொகுப்பும் இல்லை, உலக உடன்படிக்கையும் இல்லை. பழைய முறை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அரக்குப் பள்ளத்தாக்கின் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, 2017-இல் பாரிஸில் கடை திறக்கும் அளவுக்குத் தங்கள் காபியைக் கொண்டுபோயிருப்பதுபோல், ஒன்றாகப் பதப்படுத்தி ஒன்றாக விற்பதுதான் என் கண்ணுக்கு வழியாகத் தெரிகிறது.

கேள்வி: சென்னையில் சிறிய காபிக் கடை தொடங்குகிறேன். மலை விவசாயிகளிடம் நேரடியாக வாங்க விரும்புகிறேன். எதில் கவனம் வேண்டும்?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: முதலில், பணம் கொடுக்கும் நாளில். சந்தையைவிட அதிக விலை சொல்லிவிட்டு மூன்று மாதம் கழித்துக் கொடுப்பவரைவிட, எடை போட்ட அன்றே கொடுக்கும் பழைய வியாபாரி விவசாயிக்கு நல்லவர். ஆடியில் அவர் கொடுத்த முன்பணத்தை நீங்கள் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்த பிறகு மலையேறுங்கள். ஈரம் அளக்கும் கருவி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், அளவை விவசாயியிடமும் காட்டுங்கள். ஓராண்டு வாங்கிவிட்டு மறைந்துபோகாமல், மூன்று ஆண்டுகளுக்காவது இவ்வளவு மூட்டை என்று எழுதிக் கொடுங்கள்.

பழம் பறிப்பவரை மறந்துவிட வேண்டாம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு, குறைந்தது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களை நோக்கியே இருந்தது. சிறு தோட்டத்துக்குக் கூலிக்கு வரும் பெண்கள் அதற்கு வெளியே நின்றவர்கள். ஒரே செடியில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் இருக்கும். நன்கு சிவந்தது மட்டும் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், அதே செடிக்கு அவர்கள் மூன்று, நான்கு முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் கூடை மெதுவாகத்தான் நிறையும். கிலோ கணக்கில் கூலி என்றால் அந்தப் பொறுமையின் நட்டம் அவர்கள் தலையில் விழும். ஆகவே விவசாயியிடம் விலை பேசும்போது, தேர்ந்து பறிப்பதற்கான நாள்கூலியைத் தனியாகக் கேட்டு, தனி வரியாக எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.