போதுமா, போதாதா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடத்துக்கும் மேலாக, பிசினஸ் ஸ்கூலில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் வேலை, இரவில் படிப்பு. நான்கு ஆன்லைன் வகுப்புகளில் சேர்ந்தாயிற்று, ஆயிரக்கணக்கில் கேள்விகள் போட்டாயிற்று. மாக் டெஸ்டில் 615-ஐத் தாண்ட முடியவில்லை. நேரம்தான் பிரச்சினை. போன வாரம் மிகக் கடினமான ஒரு கணக்கை விடாமல் ஆறு நிமிடம் முயன்று சரியாகப் போட்டேன். ஆங்கிலத்துக்கு வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்யலாமா? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? ஐந்தாவதாக ஒரு வகுப்பில் சேரலாமா? என் தயாரிப்பு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

க.

அன்புள்ள க,

தேர்வு ஆலோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் இருப்பது ஒரு முடிவுக்குப் போதுமா என்று மனிதர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதப்போகும் தேர்விலேயே அது ஒரு கேள்வி வகையாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சில்லறை விஷயங்கள். வார்த்தைப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தக் கேள்விகளே கிடையாது. வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதி முழுக்க வாசித்துப் புரிந்துகொள்வதும், ஒரு வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதும்தான். வேலையை விடாதீர்கள். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், பிசினஸ் ஸ்கூல்களும் வேலை அனுபவத்தைப் பார்த்துத்தான் எடுக்கின்றன. அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆறு நிமிடம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு எரிச்சலாக வந்தது. குவாண்ட் என்கிற கணக்குப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 21 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். ஏறக்குறைய மூன்று கேள்விக்கான நேரத்தைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வியை வாங்கியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் விடாமுயற்சி இல்லை. ஏதோ ஒரு விடையைக் குறித்து, அடையாளம் வைத்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். பகுதியின் முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள அனுமதியே இருக்கிறது. கடைசியில் நேரம் தீர்ந்து கேள்விகள் தொடப்படாமல் நின்றால் அதற்கு மதிப்பெண்ணில் தனியாக வெட்டு. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் விட மனசு வரவில்லை.

அதனால்தான் டேட்டா சஃபிஷியன்சி என்ற கேள்வி வகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல்கள். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, சேர்த்தால்தான் போதுமா, தனித்தனியாகவே போதுமா, சேர்த்தாலும் போதாதா? எந்தக் கேள்விக்கும் இதே ஐந்து தேர்வுகள்தான். விடை என்ன என்று யாரும் கேட்பதில்லை. விடையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் செலவு போக நிற்கும் தொகை சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு மேலானதா? முதல் தகவல்: வரவு 20 சதவீதம் கூடியது. இரண்டாவது: செலவு 15 சதவீதம் கூடியது.

இரண்டையும் சேர்த்தால் போதும் என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? அவசரப்படாதீர்கள். சென்ற ஆண்டு வரவு 60, செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் 40. இந்த ஆண்டு வரவு 72, செலவு 115. நஷ்டம் 43. நிலைமை மோசமாகிவிட்டது! வரவு 100, செலவு 60 என்று தொடங்கினால் 40 ரூபாய் லாபம் 51 ஆகிறது. ஆக, சேர்த்தாலும் போதாது.

சரி, சென்ற ஆண்டு லாபம் வந்தது என்று கேள்வியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவோம். உடனே இரண்டும் சேர்ந்தால் போதும். வரவு செலவைவிடப் பெரியது, அது பெரிய சதவீதத்தில் வேறு கூடுகிறது. நிறுவனத்தின் ஒரு ரூபாய்க் கணக்குகூட நமக்குத் தெரியாது, ஆனாலும் பதில் சொல்லிவிட முடிகிறது. இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். உங்களை மாதிரி ஆட்கள் இதற்குப் பிறகும் எத்தனை சதவீதம் கூடியது என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். (தேர்வில் கால்குலேட்டர் கொடுப்பது இந்தக் கேள்விகள் வருகிற டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும்தான். குறும்புக்காரர்கள்.)

என் முதல் வேலையில் எங்கள் பிரிவுக்குத் தலைவியாக ஒரு அம்மா இருந்தார். சக ஊழியர் ஒருவர் எதற்கும் பக்கம் பக்கமாக அட்டவணை கொண்டுவருவார். அந்த அம்மா ஏதாவது ஒரு எண்ணைத் தொட்டு, “இது இரண்டு மடங்காக இருந்தால் நாம் செய்யப்போவது மாறுமா?” என்பார். மாறாது என்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். மாறும் என்றால் அன்றைக்கு யாருக்கும் வீடு கிடையாது, அந்த ஒரு எண்ணைச் சரிபார்க்காமல் விடமாட்டார். அந்த அம்மாவுக்குப் படிக்கச் சோம்பல் என்று அந்தச் சக ஊழியர் எங்களிடம் புலம்புவார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அவர் கொண்டுவந்த அட்டவணை ஒன்றுகூட நினைவில்லை, அந்த அம்மாவின் கேள்விதான் நினைவிருக்கிறது. நிர்வாகம் படிக்க வருகிறவர்களிடம் இந்த வகைக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்பது எனக்கு அவரால்தான் புரிந்தது.

உங்களுக்கு மூளை இருக்கிறது க, உழைப்பும் இருக்கிறது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கேள்விகள் போட்ட நீங்கள், தவறிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. நேரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 615 ஏன் 615-இலேயே நிற்கிறது என்று சொல்ல எனக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல் அதுதான்.

கடைசி மூன்று மாக் டெஸ்டுகளை எடுங்கள். தவறியதையும் மூன்று நிமிடம் தாண்டியதையும் மட்டும் தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று ஒரு வரி. புதுக் கேள்வி ஒன்றுகூடப் போட வேண்டாம். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பிவைத்தால் மறுபடியும் பேசலாம். ஐந்தாவது வகுப்புக்கு ஏற்கனவே பணம் கட்டிவிட்டிருந்தால், திரும்பத் தருவார்களா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.