180 குதிரை பெட்ரோலா, 143 குதிரை டீசலா? பழைய ஆக்டேவியா வாங்கும் முன்

கேள்வி: நான் கிருஷ்ணகிரிக்காரன். மாங்கூழ் ஆலைகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறேன். வாரம் மூன்று நாள் எலெக்ட்ரானிக் சிட்டி வரை போய் வருவேன், மாதம் ஒருமுறை சேலம். பெங்களூரில் இரண்டு ஸ்கோடா ஆக்டேவியா பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2015 மாடல், இரண்டும் ஆட்டோமேட்டிக். ஒன்று 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல், 62,000 கி.மீ. ஓடியது. மற்றது 2.0 டிடிஐ டீசல், 1,05,000 கி.மீ. ஓடியது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்த இன்ஜின் நல்லது?

பதில்: இரண்டும் நல்ல இன்ஜின்தான். ஆனால் உங்கள் பணத்தைக் கரைக்கப்போவதோ காப்பாற்றப்போவதோ கியர்பாக்ஸ். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வண்டியிலும் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு பெட்டி. பெட்ரோலில் இருப்பது 7 கியர் டிக்யூ200. அதன் இரண்டு கிளட்சும் உலர் கிளட்ச், அதாவது ஆயிலில் மூழ்காதவை. டீசலில் 6 கியர் டிக்யூ250. இதில் கிளட்ச் ஆயிலிலேயே கிடக்கும், சூட்டை அந்த ஆயில் எடுத்துக்கொண்டு போய்விடும்.

பவர் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல் 180 பிஎஸ், டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை) 250 என்எம். டீசல் 143 பிஎஸ், டார்க் 320 என்எம். அவ்வளவு பெரிய பெட்ரோல் இன்ஜினுக்கு டார்க் ஏன் 250-லேயே நிற்கிறது? இன்ஜினால் முடியாமல் இல்லை. டிக்யூ200 தாங்கும் எல்லை 250 என்எம், அதனால் கம்பெனியே அங்கே கட்டிப் போட்டிருக்கிறது. 2016-ல் இங்கே வந்த சூப்பர்பைப் பாருங்கள்: அதே 1.8 டிஎஸ்ஐ, மேனுவல் கியரில் 320 என்எம், டிஎஸ்ஜியில் 250 என்எம். ஒரே இன்ஜின், பெட்டி மட்டும்தான் வேறு.

இதில் இன்னொரு வம்பு உண்டு. இந்த இன்ஜினைக் கம்ப்யூட்டரில் ரீமேப் செய்தால், அதாவது சாஃப்ட்வேரை மாற்றினால், டார்க் 300-ஐச் சுலபமாகத் தாண்டும். அந்த ஆசையில் செய்துவிட்டு, விற்கும்போது பழைய சாஃப்ட்வேரை ஏற்றித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம், தேய்ந்த கிளட்ச் பழையபடி ஆகுமா? பானெட்டைத் திறந்ததும் வெளிக்கம்பெனி ஏர் ஃபில்டரோ, வண்டிக்கு அடியில் சைலன்சர் பைப்பில் புது வெல்டிங்கோ தெரிந்தால் இந்த வேலை நடந்திருக்கலாம், பேரம் பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் வழி. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வரை எந்த வண்டியும் பறக்கும். ஓசூரை நெருங்கினால் லாரி வரிசை, அத்திப்பள்ளி தாண்டினால் ஊர்ந்துதான் போக வேண்டும். உலர் கிளட்சுக்கு எமன் இந்த ஊர்தல்தான். மணிக்கு ஐந்து கி.மீ.யில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அரைக் கிளட்சில் அது வெந்துகொண்டே இருக்கும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் லோடு லாரிக்குப் பின்னால் மாட்டினாலும் இதே கதிதான். டீசலுக்கு 1,750 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் வந்துவிடும், அந்த ஏற்றம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆக என் ஓட்டு டீசலுக்கு. ஓடிய கி.மீ. அதிகம் என்பதற்காக அதைத் தள்ளாதீர்கள். போகவர ஏறக்குறைய 150 கி.மீ., வாரம் மூன்று தடவை என்றால் வருஷத்துக்கு 20,000 கி.மீ.க்கு மேல் ஓட்டப்போகிறீர்கள். டீசல் செலவிலேயே வித்தியாசம் தெரியும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. டிக்யூ250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். 1,05,000 ஓடிய வண்டிக்கு அந்த பில் ஒன்றாவது இருக்க வேண்டும். 'லைஃப்டைம் ஆயில் சார், மாற்றவே வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால் அவர் வண்டியைப் பராமரித்த லட்சணம் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்தது டைமிங் பெல்ட். இந்த டீசலில் செயின் கிடையாது, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று உதறல் கேட்டால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தாங்கும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம். அது சின்னச் செலவு இல்லை.

இத்தனைக்கும் பிறகு பெட்ரோல்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் (அந்த இழுவையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன்), காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தம் வரக்கூடாது. கூலன்ட் அளவைப் பாருங்கள். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் இருக்கும் பிளாஸ்டிக் கூடு கசியும். கசிவு வெளியே தெரியாது, கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வரும். பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டுங்கள், ஹைவேயில் வேண்டாம். சூடானதும் ஒரு சரிவில் நிறுத்தி ரிவர்ஸில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். டிக்யூ200-ல் 1, 3, 5, 7 ஒரு கிளட்ச், 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொரு கிளட்ச். முன்னே கிளம்பும்போது அதிராமல் ரிவர்ஸில் மட்டும் அதிர்ந்தால் எந்தக் கிளட்ச் போயிருக்கிறது என்பது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மீட்டரில் கியர் எழுத்து மினுக்கினால் மெக்கட்ரானிக் (கியரையும் கிளட்சையும் இயக்கும் கன்ட்ரோல் யூனிட்) வேலை வைக்கப்போகிறது. அந்த யூனிட்டை முழுசாக மாற்ற நேர்ந்தால் செலவு லட்சக் கணக்கில்.

எந்த வண்டியானாலும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப் போங்கள். மீட்டரில் கி.மீ.யைக் குறைப்பது சுலபம், வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்களில் பதிவானதை எல்லாம் சேர்த்து அழிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

2015 டீசல் என்றதும் 'பத்து வருஷம் முடிந்துவிட்டதே' என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பத்து வருஷக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கானது. இங்கே பதிவு 15 ஆண்டுக்கு, அதாவது 2030 வரை செல்லும். அதன் பிறகு எஃப்சி காட்டிப் புதுப்பிக்கலாம்.

கடைசியாக பேப்பர். கேஏ நம்பரோடு இங்கே வைத்து ஓட்டினால் 12 மாதத்துக்குள் நம்பர் மாற்ற வேண்டும், உங்களுக்கு டிஎன் 24. அங்கிருந்து படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வண்டிமேல் பேங்க் லோனோ, கட்டாத போக்குவரத்து அபராதமோ இருந்தால் என்ஓசி இழுத்துக்கொண்டே போகும். தமிழ்நாட்டு வரியை நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குத் தனியாக அலைய வேண்டும். 'அந்தப் பணம் எப்படியும் வந்துவிடும் சார்' என்று விற்பவர் அதை விலையில் ஏற்றிக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.