மருத்துவர் பதில்கள்: மலையிலேயே போட்ட ஊசி

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை. போன மாதம் விடியற்காலையில் அப்பாவுக்கு (58 வயது) நெஞ்சைப் பிசைந்து, சட்டை நனைய வியர்த்தது. கொடைக்கானலில் ஈ.சி.ஜி. பார்த்ததும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகுதான் மதுரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். "நேரா மதுரைக்குப் போயிருந்தா அந்த ஊசியே வேண்டியதில்ல, அது மூளையில ரத்தம் கசிய வெச்சிரும்" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். சம்மதக் கையெழுத்துப் போட்டவள் நான். தப்புப் பண்ணிவிட்டேனா?
- ஒரு மகள், பூம்பாறை

பதில்: இல்லையம்மா. சரியான நேரத்தில் சரியான கையெழுத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

அடைத்த இதய ரத்தக்குழாயைப் பலூன் வைத்துத் திறப்பதுதான் மேலான சிகிச்சை. சித்தப்பா சொல்வதில் அவ்வளவு உண்மை. ஆனால் ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியான 120 நிமிடத்துக்குள் அது நடக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரை போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். அடைத்த நிமிடத்திலிருந்து இதயத்தசை செத்துக்கொண்டே இருக்கும். 1986-இல் இத்தாலியில் 11,000 பேருக்கு மேல் ஆராய்ந்தபோது, வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து பெற்றவர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அந்த ஆய்வில் கொடுத்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். 90-களில் அரசு மருத்துவமனையில் நாங்கள் போட்டதும் அதுதான், 15 லட்சம் யூனிட். பொடியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டிக் கரைப்போம். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பி.பி. விழுகிறதா என்று சிஸ்டர் கட்டிலை விட்டு நகரமாட்டார். ரத்தக்கட்டியை ஃபைப்ரின் என்ற நூல்வலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. ரத்தத்தில் சும்மா கிடக்கும் பிளாஸ்மினோஜனை இந்த மருந்து பிளாஸ்மினாக மாற்ற, அது வலையை அறுக்கும். சிலருக்கு மானிட்டரில் துடிப்பு திடீரென்று மாறி ஓடும். வீட்டார் பதறுவார்கள், குழாய் திறந்ததற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால் எங்களுக்கு நம்பிக்கை பிறக்கும். அடுத்த ஈ.சி.ஜி.யில், குன்றாக எழும்பியிருந்த கோடு தணிந்திருக்கும். "வலி விட்ருச்சு சார், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று ஒரு லாரி டிரைவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது டெனெக்டெப்ளேஸ் வந்துவிட்டது. எடைக்கேற்ற அளவு, சில நொடிகளில் ஒரே ஊசி.

மூளையில் ரத்தக்கசிவு? வரலாம். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. அதனால்தான் பக்கவாதம் வந்ததுண்டா, தலையில் அடிபட்டதா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, மலத்தில் ரத்தம் போகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டுவிட்டுப் போடுகிறோம். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் வரக்கூடிய ஆபத்து அது. அப்பா அதைத் தாண்டி ஒரு மாதம் ஆகிவிட்டது.

மறுநாள் ஸ்டென்ட் வைத்ததால் ஊசி வீண் என்று எண்ண வேண்டாம். ஊசி வேலை செய்திருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்ப்பதுதான் முறை. கட்டி கரைந்தாலும், அது உருவாகக் காரணமான கொழுப்புப் படிவு குழாய்க்குள் அப்படியே இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். எந்த ஊசி போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றிருந்தால், உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கும். இன்னொரு முறை அதையே போடக்கூடாது. அந்தத் தாளை நகலெடுத்து அப்பாவின் சட்டைப்பையில் ஒன்று, உங்கள் கைப்பையில் ஒன்று வையுங்கள்.