தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்: வாசகர் கேள்வி - பதில்

ஹார்மோன், உணவு குறித்து வந்த கேள்விகளில் தைராய்டு பற்றியவையே அதிகம் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 55 கிலோ. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75, 100 என்று ஏறி இப்போது 125-இல் நிற்கிறது. ஆனாலும் டி.எஸ்.எச். 9.6 என்று வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டதும் காபி குடிப்பேன். எட்டரைக்கு டிபன், அதன் பிறகு கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். ஒருநாளும் தவறவிட்டதில்லை. டோஸ் இன்னும் ஏறுமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்கும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும். டோஸை ஏற்றுவதற்கு முன், போடுகிற மாத்திரை உடம்பில் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்குக்கூட, எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் (தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்து) பொதுவாகப் போதும். உங்கள் 55 கிலோவுக்கு அது 88. 125 சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், மாத்திரையின் கணிசமான பங்கு குடலிலேயே வீணாகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்த மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில், எல்லாம் சரியாக இருந்தாலே 60 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். காபியோடு சேர்த்துப் போட்டால் அது மேலும் குறைகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பால் கலக்காத எஸ்பிரஸ்ஸோ. நம் ஃபில்டர் காபியிலோ பாலும் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது. ஆக, உங்கள் டம்ளரில் தடை இரண்டு.

சத்து மாத்திரைகள் செய்யும் வேலை இதைவிடப் பெரிது. கால்சியமும் இரும்பும் குடலுக்குள் லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு, உறிஞ்ச முடியாதபடி வெளியே கொண்டுபோய்விடும். மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த 20 பேருக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி டி.எஸ்.எச். 1.6-இலிருந்து 2.7-க்கு ஏறியது; கால்சியத்தை நிறுத்தியதும் 1.4-க்கு இறங்கியது. இது 2000-இல் வெளிவந்த ஆய்வு. 1992-இல் இரும்பைச் சோதித்த ஆய்வில், 14 பேரிடம் 12 வாரத்தில் 1.6 என்பது 5.4 ஆனது. டிபன் முடித்துச் சத்து மாத்திரை போடும் உங்களுக்கு இடைவெளி இரண்டரை, மூன்று மணி நேரம்தான். குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது இது. எழுந்ததும் மாத்திரையை ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். பால், சுக்குக் காபி, தேன் கலந்த வெந்நீர் எதுவும் வேண்டாம். காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கும் இரும்பை மாலைக்கும் தள்ளிவிடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் அந்த இரும்பும் சேராது என்பதையும் கவனியுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் போன்றவை தினமும் போடுகிறீர்களா? வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மாத்திரை சரியாகக் கரையாது. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காலைக் காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 90 பேரிடம் காலை, இரவு இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் போட்டபோது டி.எஸ்.எச். இன்னும் நன்றாகவே இறங்கியது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் வீட்டில்தான் இது நடக்கும். பத்து மணிக்குத் தோசை சாப்பிடும் வழக்கமென்றால் காலையே நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒழுங்கை நீங்களாகத் தொடங்கிவிட்டு 125-ஐயே தொடர்ந்தால், இதுவரை வீணான பங்கும் சேர்ந்து அளவு மிஞ்சிவிடக்கூடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாள்பட்டால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்; ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள். முன்கூட்டிப் பார்த்துப் பயனில்லை. ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். புதிய நிலைக்கு வந்து நிற்க ஐந்து வாரம் பிடிக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும், ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால்தான், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், வயிற்றுப் புண் கிருமி எச்.பைலோரி போன்றவற்றைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: தைராய்டு இருப்பவர்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கம்பு, மரவள்ளிக்கிழங்கு தொடவே கூடாது என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கூட முயல்களுக்குக் கழுத்துக்கழலை (தைராய்டு சுரப்பி வீக்கம்) வந்தது. ஆலன் செஸ்னியும் அவருடைய குழுவும் துருவிப் பார்த்ததில், அவற்றுக்கு முக்கியத் தீனியே முட்டைக்கோஸ்தான் என்று தெரிந்தது. கோஸ் வகைக் காய்களில் இருந்து பிறக்கும் சில பொருள்கள் சுரப்பிக்குள் அயோடின் நுழைவதையும் ஹார்மோன் தயாராவதையும் தடுக்கின்றன.

ஆனால் மனிதர் யாரும் முயல் அளவுக்குத் தின்பதில்லை. தினம் ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகச் சீனக் கீரைக்கோஸைப் பல மாதம் தின்ற 88 வயதுப் பெண் ஒருவர் தைராய்டு குறைந்து நினைவிழந்ததாக 2010-இல் ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. அந்த அளவுக்குப் போனால்தான் ஆபத்து. சமைக்கும் சூட்டில், அப்பொருள்களை உண்டாக்கும் நொதி பெருமளவு செயலிழக்கிறது. பொரியல், கூட்டு செய்து வாரம் இரண்டு மூன்று நாள் சாப்பிடத் தடையில்லை. பச்சைக் கோஸை அரைத்துத் தினமும் ஜூஸாகக் குடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மரவள்ளியை வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் போதும்.

கம்பு சற்று வேறு. சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பையே முழு உணவாகக் கொண்ட கிராமங்களில் கழலை மிகுதியாக இருந்ததைத் தொடர்ந்து ஆய்ந்ததில், கம்பில் உள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்கள் சுரப்பியின் நொதியைத் தடுப்பது தெரியவந்தது. இவை சூட்டில் எளிதில் அழிவதில்லை. அங்கே அயோடினும் பற்றாக்குறை என்பதை மறக்கக் கூடாது. அயோடின் உப்பு சாப்பிடுகிறவர் காலையில் ஒரு சொம்பு கம்பங்கூழ் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. சிறுதானியம் நல்லது என்று மூன்று வேளையும் கம்பாகவே மாற்றிக்கொள்வதுதான் வேண்டாதது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த உணவுகள் தடுப்பது சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதை. மாத்திரையில் வருவதோ தயாரித்து முடித்த ஹார்மோன். சுரப்பியை அறுவை செய்து எடுத்துவிட்டு முழு டோஸில் இருப்பவர் கோஸைக் கண்டு பயப்படக் காரணமே இல்லை. சோயா மட்டும் குடலில் மாத்திரையைத் தடுக்கும். அதற்கும் மாத்திரைக்கும் நேர இடைவெளி விட்டால் சரி.

கேள்வி: நாங்கள் உப்பளத்துக் கல் உப்புதான் சமையலுக்குப் போடுகிறோம். கடலில் வரும் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்கும்தானே? இந்துப்புக்கு மாறினால் தைராய்டு குணமாகுமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: கடல்நீரில் அயோடின் உண்டு, ஆனால் பாத்தியில் உப்பு விளையும்போது அது படிகத்தோடு அவ்வளவாகச் சேர்வதில்லை. கல் உப்பில் எஞ்சுவது மிகமிகக் குறைவு, இந்துப்பிலும் அப்படியே. பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருந்தால்தான் கணக்கு. அயோடின் சேர்த்த கல் உப்பும் கடைகளில் கிடைக்கிறது.

பெரியவருக்குத் தினம் 150 மைக்ரோகிராம் வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அப்படியானால் 5 கிராம் உப்பில் 75. மீதி பால், முட்டை, மீனிலிருந்து வர வேண்டும். உப்பை மூடியுள்ள டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். குழம்பை இறக்கும் சமயத்தில் போடுவது நல்லது.

இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் தொடங்கிய ஆய்வுதான் இதற்கெல்லாம் அடித்தளம். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு கொடுத்தார்கள். அயோடின் போன இடங்களில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை நன்றாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. உப்பு கைக்கெட்டும் தூரத்தில் விளையும் நம் ஊர்களில் அயோடின் உப்பு இன்னும் எல்லா வீட்டிலும் புழங்காதது வருத்தமான விஷயம்.

குணமாகுமா என்றால், ஆகாது. இப்போது நாம் பெரிதும் பார்ப்பது, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் நான்கு பெண்களிடம் கண்டு எழுதியது. உப்பை மாற்றினாலும் அது போகாது. கடல்பாசி மாத்திரை போல அயோடினை அளவுக்கு மீறி எடுத்தால் இன்னும் மோசமாகலாம்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டும் 14 கிலோ கூடுதல் எடை குறையவில்லை. டோஸை ஏற்றலாமா? (வாசகி, கோவை)

பதில்: கூடாது. தைராய்டு குறைவால் மட்டும் கூடுவது பெரும்பாலும் 2 முதல் 4.5 கிலோ வரை, அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். டி.எஸ்.எச். சரியான பிறகும் நிற்கும் எடைக்கு உணவையும் உடலுழைப்பையும்தான் பார்க்க வேண்டும். மிகுதி ஹார்மோன் தசையையும் எலும்பையும் சேர்த்தே கரைக்கும்.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போட்டேன். திடீரென்று தைராய்டு 'அதிகம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது! (வாசகி, திருச்சி)

பதில்: பெரும்பாலும் ரிப்போர்ட்டில்தான் கோளாறு இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டின் என்ற இந்த வைட்டமினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. உடம்புக்குத் தினம் தேவை 30 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் இருப்பதோ 5 முதல் 10 மில்லிகிராம். ரத்தத்தில் மிதக்கும் அந்த மிகுதி, கொக்கி மாட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் தெரியும். குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள், நாள் தள்ளியிருக்கிறது. மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நிறுத்தினால்தான் பாதிக்கும். முதல் மூன்று மாதம் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். ஐந்தாம் வாரம் அளவிலேயே தேவை கூடத் தொடங்கிவிடும். அதனால் கர்ப்பம் உறுதியானதுமே பல மருத்துவர்கள், வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை போடச் சொல்வார்கள். இன்றே கேட்டுவிடுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தின் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பும் கால்சியமும் கொடுக்கும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளட்டும்: காலை ஆறுக்குத் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், நான்கு மணிக்கு இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம். நான்கு மணி டீயை ஐந்தரைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.