ஒரு முட்டைக்கு 1 வெள்ளி 39 காசு கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். வாரத்துக்கு 20 முட்டையாவது ஆகும். இதுவரை 30 முட்டைத் தட்டை 12 வெள்ளி 60 காசுக்கு வாங்கிவந்தேன். சூப்பர்மார்க்கெட்டில் ‘கேஜ் ஃப்ரீ’, ‘ஆர்கானிக்’ என்று போட்ட 10 முட்டைப் பெட்டி 13 வெள்ளி 90 காசு. கூண்டுக் கோழிகளைப் பற்றி ஏதோ வீடியோ பார்த்ததிலிருந்து மகன் சாதா முட்டையைத் தொட மாட்டேன் என்கிறான். மகள் போன மாதம் வயதுக்கு வந்தாள். அவளுக்குக் கம்போங் கோழி, அதாவது நாட்டுக் கோழி முட்டையைப் பச்சையாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். வீட்டுக்காரரோ எல்லாமே ஏமாற்று வேலை என்கிறார். கொடுக்கிற விலைக்குப் பலன் உண்டா?

பதில்: உங்கள் மகனுக்குக் கோழியைப் பற்றிய கவலை. மாமியாருக்குப் பேத்தியின் உடம்பைப் பற்றிய கவலை. வீட்டுக்காரருக்குக் காசுக் கவலை. மூன்று பேரும் ஒரே பெட்டியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்வி. பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன் என்ற முறையில் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் காசு. உங்கள் தட்டு முட்டை ஒன்று 42 காசு, பெட்டி முட்டை ஒன்று 1 வெள்ளி 39 காசு. வாரம் 20 முட்டைக்கு 19 வெள்ளி 40 காசு கூடுதல், மாதத்துக்கு 80 வெள்ளியைத் தாண்டும். இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சாதா முட்டையின் விலையைப் பல காலம் அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. 2024 ஜூனில் ஏ, பி, சி கிரேடுகளுக்கு 42, 40, 38 காசு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் முழுதாக நின்றன. முட்டை என்றால் நாற்பது காசுதான் என்று நம் மனதில் பதிந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், ஏ, பி, சி என்பது எடை மட்டும்தான். ஏ 65 கிராமிலிருந்து, பி 60 முதல், சி 55 முதல். சி கிரேடு மட்டமான முட்டை என்று நினைத்து ஒதுக்குபவர்கள் நிறையப் பேர். அது கொஞ்சம் சின்ன முட்டை, அவ்வளவே.

இப்போது மகன் சொல்வது. பையன் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் நாட்டு முட்டைக் கோழிகளில் பெரும்பாலானவை கூண்டில்தான் வளர்கின்றன. கம்பிக் கூண்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். தரை சற்றே சரிவு, இட்ட முட்டை தானாக உருண்டு முன்பக்கம் வந்துவிடும். வழக்கமான கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது. முட்டையிடும் நேரம் வந்தால் கோழி மறைவான இடம் தேடும், அது அதன் ரத்தத்தில் ஊறியது. கூண்டில் மறைவு ஏது? இருந்த இடத்திலேயே தவித்துக்கொண்டு சுற்றும். இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மண்ணே இல்லாத கம்பித் தரையில் கோழி உட்கார்ந்து, மண்குளியல் செய்வதுபோல் இறக்கையை உதறிக்கொண்டிருக்கும். தூசி இருக்காது, மணல் இருக்காது, ஆனால் அசைவு மட்டும் அப்படியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை வெற்றுக் கூண்டுகளை 2012 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது.

கூண்டில்லாப் பண்ணை என்றால் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். ‘கேஜ் ஃப்ரீ’ என்றால் கொட்டகைக்குள் தரையில் நடமாடும் கோழி. வெளியே வெயிலைப் பார்க்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. பெட்டியில் அச்சடித்த பச்சைப் புல்வெளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் மழைக்கும் வெக்கைக்கும், உடும்புக்கும் பாம்புக்கும், காட்டுப் பறவைகள் கொண்டுவரும் நோய்க்கும் பயந்து வெளியே விடத் தயங்கும் பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கொட்டகையைச் சரியாகப் பராமரிக்காவிட்டால் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். ஆனாலும் நல்ல பராமரிப்புள்ள கொட்டகைக் கோழி நடக்கிறது, பறந்து ஏறி அமர்கிறது, கூடு தேடிப் போய் முட்டையிடுகிறது. கூண்டுக் கோழிக்கு அது எதுவும் இல்லை. என் கணக்கில் இந்த வித்தியாசம் பெரிது.

மகனிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முட்டையினக் கோழிகளில் சேவல் குஞ்சுகள் முட்டையிடாது, இறைச்சிக்கும் தேறாது. அதனால் பொரித்த அன்றே அவற்றைக் கொன்றுவிடுவதுதான் உலக வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரியில் இதைத் தடை செய்தது. ஆர்கானிக் முட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு அந்தக் குஞ்சைக் காப்பாற்றும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கூடுதல் காசு எங்கேதான் போகிறது? ஒரு பகுதி தீவனத்துக்கு. முட்டை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான், அதற்கான சோளமும் சோயாவும் நமக்கு வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஓடியாடும் கோழி கூடுதலாகத் தின்னும். அதே கொட்டகையில் குறைவான கோழிகளே இருக்கும், ஆள் கூலியும் கூடும். நாட்டு இனமாக இருந்தால், பண்ணைக் கலப்பினம் ஆண்டுக்கு 300 முட்டை இடும் இடத்தில் இது பாதிகூட இடாது. உண்மையான ஆர்கானிக் என்றால் தீவனமும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும், அதன் விலையோ தனி. ஆகவே விலை கூடுவது ஏமாற்று என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏமாற்று நடப்பது பெட்டியின் மேல் அச்சடிக்கும் சொற்களில்தான்.

‘ஹார்மோன் இல்லை’ என்று போட்டிருந்தால் அதற்காக ஒரு காசு கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். முட்டைக் கோழிக்கு யாரும் ஹார்மோன் கொடுப்பதில்லை, கொடுத்தால் கட்டுப்படியும் ஆகாது. ‘சைவத் தீவனம்’ என்பது இன்னும் வேடிக்கை. கோழி புழு பூச்சியைக் கண்டால் விடுமா? ‘கம்போங்’ என்ற சொல் மட்டும் இருந்தால் அந்தக் கோழி எங்கே, எப்படி வளர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஹலால் முத்திரையும், நல்ல பண்ணை நடைமுறைக்குக் கால்நடைத் துறை தரும் மைகேப் முத்திரையும் தேவையானவைதாம், ஆனால் கோழி கூண்டில் இருந்ததா இல்லையா என்பதை அவை சொல்லாது. நம் நாட்டு ஆர்கானிக் தரநிலையான எம்எஸ் 1529 தாவர உணவுகளுக்காக எழுதப்பட்டது. ஆகவே முட்டைப் பெட்டியில் ‘ஆர்கானிக்’ என்று கண்டால் யார் சான்று கொடுத்தார்கள் என்று திருப்பிப் பாருங்கள். சான்றளித்த அமைப்பின் பெயர் இல்லையென்றால் வெறும் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டில்லா வளர்ப்புக்கு ‘சர்டிஃபைட் ஹ்யூமேன்’ போன்ற வெளியார் முத்திரை இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். கோழி தரையிலா, வெளியே விடுகிறீர்களா, ஒரு கொட்டகையில் எத்தனை என்று கேளுங்கள். உண்மையாக வளர்ப்பவர் கேட்காத படத்தையும் அனுப்பிவைப்பார். மழுப்புகிறவரிடம் 1 வெள்ளி 39 காசைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது உடம்பு. ஒரு நடுத்தர முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், 70 கலோரி. தட்டு முட்டையானாலும் பெட்டி முட்டையானாலும் இதில் மாற்றமில்லை. வெயிலில் மேய்ந்து புல் பூச்சி தின்னும் கோழியின் முட்டையில் டி, ஈ வைட்டமின்களும் ஒமேகா-3யும் சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் கொட்டகைக்குள்ளேயே இருக்கும் கோழிக்கு அதுவும் பொருந்தாது. ஒமேகா முட்டை என்பது ஆளிவிதையோ மீன் எண்ணெயோ சேர்த்த தீவனத்தின் வேலை, கோழி கூண்டில் இருந்தாலும் அது கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஒமேகாதான் வேண்டுமென்றால் அந்தக் காசில் காலைச் சந்தையில் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்குங்கள், பல முட்டைகளில் இருப்பது ஒரு மீனிலேயே கிடைத்துவிடும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதையும் விட்டுவிடுங்கள். 2022 கடைசியில் இங்கே முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து நாமக்கல் முட்டை இறக்குமதியானது நினைவிருக்கும். நம்முடையது பழுப்பு, அது வெள்ளை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, சத்தால் அல்ல. மஞ்சள் கரு அடர்ந்த ஆரஞ்சாக இருந்தால் நாட்டு முட்டை என்பதும் கட்டுக்கதை. தீவனத்தில் சாமந்திப்பூச் சாறோ மிளகாய்ச் சாறோ சேர்த்தால் எந்தக் கோழியும் அந்த நிறத்தில் கரு கொடுக்கும். எந்தச் சாயல் வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிட்ட விசிறி அட்டையே இருக்கிறது. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஒருவர் வகைவகையான முட்டைகளைப் பொரித்துக் கொடுத்தபோது, கரு அடர்ந்த நிறத்தில் இருந்ததையே எல்லோரும் ருசி என்றார்கள். பச்சைச் சாயம் கலந்து நிறத்தை மறைத்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. நாக்கைவிடக் கண்தான் அதிகம் சாப்பிடுகிறது.

மனதுக்கும் பர்ஸுக்கும் இடையே உள்ள இடைவெளியும் உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் 2018இல் கூண்டு முட்டை விற்பனையைத் தடுக்கும் சட்டத்துக்கு நூற்றுக்கு 60 பேருக்கு மேல் ஆதரவாக வாக்களித்தார்கள். அதே மக்கள் கடைக்குப் போனால் மலிவு முட்டையைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் போலித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். வாக்குச்சீட்டில் நாட்டு நியாயத்தைப் பார்க்கிறோம், கடையில் மாதச் சம்பளத்தைப் பார்க்கிறோம்.

மகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் தாராளமாகக் கொடுங்கள், வளரும் பிள்ளைக்கு நல்லது. ஆனால் பச்சையாக வேண்டாம். சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. நோயுள்ள கோழியின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் போய்விடும். ஓடு பளிச்சென்று இருந்தாலும், பக்கத்து வீட்டுக் கோழியே இட்டிருந்தாலும் உள்ளே இருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முற்றத்தில் மேயும் கோழிக்கு அந்தக் கிருமி வராது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. மேலும் பச்சை முட்டையின் புரதம் வெந்த முட்டையின் புரதம் அளவுக்கு உடம்பில் சேர்வதில்லை. மாமியாரிடம் இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள், கிருமியைச் சொல்வதைவிட இது வேலை செய்யும். வெந்த முட்டையை நல்லெண்ணெயில் புரட்டிக் கொடுத்தால் வழக்கமும் விட்டுப்போகாது, பிள்ளையும் பத்திரம். கோப்பித்தியாம் காப்பிக் கடையில் கயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையும் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். வாரம் ஒரு பெட்டி கூண்டில்லா முட்டை, சான்றுள்ளதாகப் பார்த்து. அவித்தும் ஆம்லெட்டாகவும் சாப்பிட அது. கேக், நாசி கோரேங், முட்டைக் குழம்பு எல்லாவற்றுக்கும் 30 முட்டைத் தட்டிலிருந்து பி அல்லது சி. வாரத்துக்கு 10 வெள்ளிக்கும் குறைவாகத்தான் கூடும். அதுவும் கையைக் கடித்தால் விட்டுவிடுங்கள், சாதா முட்டை வாங்குவது பாவமில்லை. மகனிடம் அவன் பங்குக்கு வாரத்தில் இரண்டு முட்டையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொள்கை அவனுடையது, கொஞ்சம் விலையும் அவன் கொடுக்கட்டும்.

எதை வாங்கினாலும் புதிதாக வாங்குங்கள். நம் வெக்கையில் கடைவாசலில் நாள் கணக்கில் கிடந்த விலையுயர்ந்த முட்டையைவிட நேற்று வந்த தட்டு முட்டை மேல். உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். வெள்ளைக்கரு கட்டியாக மஞ்சளைச் சுற்றி நின்றால் புதிது, தண்ணீராய் ஓடினால் பழசு. வீட்டுக்கு வந்ததும் கழுவாமல், கூரிய முனை கீழே இருக்கும்படி ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடாகும். விரிசல் விட்டதைக் குழம்பில் போட்டுவிடலாம் என்று எடுத்து வைக்காமல் அன்றே தூக்கிப் போடுங்கள்.