வாசகர் கேள்வி–பதில்: டாலஸ் பக்கம் ஏரிக்கரையில் ஆர்.வி.யோடு தங்க

கேள்வி: ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஒரு ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி) வாடகைக்கு எடுத்து, வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு திரும்புகிற மாதிரி ஏரிக்கரையில் தங்க ஆசை. கூகுளில் தேடினால் நெடுஞ்சாலை ஓரத்து ஆர்.வி. பார்க்குகள்தான் வருகின்றன. பெயரில் ‘லேக்’ இருந்த ஒன்றை நேரில் போய்ப் பார்த்தோம், தண்ணீரே கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது?

முதலில் அந்த ஏரிக்கரை யாருடையது என்று பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். டாலஸைச் சுற்றி நாம் ஏரி என்று சொல்வதெல்லாம் அணை கட்டித் தேக்கிய நீர். லூயிஸ்வில், கிரேப்வைன், லவோன், ரே ராபர்ட்ஸ், ஜோ பூல் ஆகிய ஐந்தையும் கட்டியது ராணுவத்தின் பொறியாளர் படை, அதாவது ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ். முகாமுக்குப் போகிறவர்கள் சுருக்கமாக ‘கோர்’ என்பார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் ஏறி நிற்க இடம் வேண்டும் என்பதால், ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து அரசு வாங்கி வைத்திருக்கிறது. அதனால் தனியார் பார்க்குகள் பெரும்பாலும் கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கும், நீங்கள் போய்ப் பார்த்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரை ஒட்டி வண்டி நிறுத்த வேண்டும் என்றால் அரசுப் பூங்காக்களுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் கரையும் ஒரே கையில் இல்லை, தேடல் குழம்புவது இதனால்தான். சில இடங்களைக் கோர் தானே நடத்துகிறது. லூயிஸ்வில் ஏரியில் ஹிக்கரி கிரீக், லவோனில் ஈஸ்ட் ஃபோர்க் எல்லாம் அப்படி. இவற்றுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் புக் செய்ய வேண்டும். சில இடங்களை மாநிலம் நடத்துகிறது. ஜோ பூல் ஏரியில் சீடர் ஹில், ரே ராபர்ட்ஸில் ஐல் டு பாய்ஸ், ஜான்சன் பிராஞ்ச் ஆகியவை டெக்சஸ் மாநிலப் பூங்காக்கள், அவற்றுக்கு மாநிலத்தின் தனி இணையதளம். மூன்றாவது, நகராட்சிகள். கிரேப்வைன் ஏரியில் ‘தி வினியர்ட்ஸ்’ கிரேப்வைன் நகரத்தினுடையது, ஜோ பூலில் லாய்ட் பார்க் கிராண்ட் பிரெய்ரி நகரத்தினுடையது. இந்த இரண்டுக்கும் அந்தந்த நகரத்தின் பக்கம் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு இணையதளத்தில் தேடிவிட்டு ‘எங்குமே இடமில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள் மற்ற இரண்டையும் பார்க்காதவர்கள்தான்.

உங்களுக்கு நான் சொல்வது ஐல் டு பாய்ஸ். ஃபிரிஸ்கோவிலிருந்து வடக்கே பைலட் பாயிண்ட் பக்கம், ஓக் மரக் காடு, நல்ல நிழல். பெரியவர்கள் காலையில் நடக்கத் தார் போட்ட பாதையும் உண்டு. ஆனால் மாநிலப் பூங்காக்களிலும் கோர் இடங்களிலும் வண்டி நிறுத்தும் தளங்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீரும் கரண்டும் மட்டும்தான் கொடுப்பார்கள், கழிவுநீர்க் குழாய் இருக்காது. கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தித் தொட்டியைக் காலி செய்துவிட்டு வர வேண்டும், ஞாயிறு மதியம் அங்கே வரிசை நிற்கும். இரண்டு இரவு, நாலு பேர் என்றால் தொட்டி தாங்கும், குளியலைப் பூங்காவின் குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள். அது சரிப்படாது, வண்டிக்குள்ளேயே எல்லாம் நடக்க வேண்டும் என்றால் முழு ஹூக்கப், அதாவது தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றும் இருக்கிற வினியர்ட்ஸுக்குப் போங்கள். அங்கே கேபின்களும் உண்டு. ஏணி ஏறி மேல் படுக்கைக்குப் போக முடியாத பெற்றோருக்குக் கேபின், பக்கத்திலேயே உங்கள் வண்டி என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தூக்கம் வரும்.

வண்டியை நினைத்துப் பயம் வேண்டாம். 26,000 பவுண்டுக்குள் இருக்கும் ஆர்.வி.யை டெக்சஸில் சாதாரண கிளாஸ் சி உரிமத்திலேயே ஓட்டலாம், வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை அதற்குள்தான். புக் செய்யும்போது நீளம் கேட்பார்கள். டிரெய்லர் என்றால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள், 25 அடித் தளத்தில் 32 அடியைப் பின்னால் எடுத்து நுழைப்பது முதல் தடவை ஓட்டுகிறவருக்கு ஆகிற காரியம் இல்லை. ‘புல் த்ரூ’ என்று போட்டிருந்தால் நேராக நுழைந்து நேராக வெளியே வரலாம், கிடைத்தால் அதை எடுங்கள்.

இன்னொன்று, கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தத் தள எண்ணை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். கரைக்கும் தளத்துக்கும் நடுவில் மரம் அடைத்திருக்கிறதா, சாலை போகிறதா, கழிப்பறை எத்தனை தூரம் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மேற்கே தண்ணீர் இருக்கிற தளம் கிடைத்தால் சாயங்காலம் அப்பா, அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், நீங்கள் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் மேற்கு வெயில் வேண்டாம், மரநிழலைப் பாருங்கள்.

கேள்வி: சீடர் ஹில்லுக்கு மூன்று மாதமாக முயற்சி செய்கிறேன், சனிக்கிழமை எதுவும் கிடைக்கவில்லை. ஏதாவது வழி உண்டா?

உண்டு. சுமார் 350 தளங்கள் இருந்தும் நிரம்பக் காரணம், அது டாலஸ் நகர மையத்திலிருந்து அரைமணி நேரத்தில் இருப்பது. மாநிலப் பூங்காக்களில் 5 மாதம் முன்னால் புக்கிங் திறக்கிறது, கோர் இடங்களில் பொதுவாக 6 மாதம். அக்டோபர் 15 வேண்டுமென்றால் சீடர் ஹில்லுக்கு மே 15, ஹிக்கரி கிரீக்குக்கு ஏப்ரல் 15 என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அவ்வளவு முன்கூட்டித் திட்டமிட முடியாதவர்கள் பிறர் ரத்து செய்வதைப் பிடிக்க வேண்டும். கோர் இடங்களுக்கான ரெக்ரியேஷன் டாட் கவ்வில் ரத்து செய்தால் 10 டாலர் பிடிப்பார்கள். முந்தைய நாளிலோ அன்றைக்கோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்து, வானிலை பார்த்து மனசு மாறுகிறவர்கள் புதனுக்குள் விட்டுவிடப் பார்ப்பார்கள். புதன் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை, வியாழன் காலையில் ஒரு தடவை பாருங்கள். இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதியும் அந்த இணையதளத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்புவது. பிள்ளைகளுக்கு லீவு இருந்தால் அதைச் செய்யுங்கள், ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் ஏரிக்கரையே உங்களுடையதாகிவிடும்.

வாடகை தவிர, மாநிலப் பூங்காவில் 13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் தினசரி நுழைவுக் கட்டணம் தனி. அடிக்கடி போகிற குடும்பம் என்றால் ஆண்டு பாஸ் வாங்கிவிடுங்கள், பாஸ்காரரோடு அதே வண்டியில் வருகிறவர்களுக்கும் அது செல்லும்.

கேள்வி: முகாமில் கரண்ட் அடிக்கடி போனது. கேட்டதற்கு ‘30 ஆம்ப்’ என்றார்கள். அப்படியென்றால் என்ன?

அங்கே உங்களுக்குக் கொடுத்தது 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது மொத்தம் 3,600 வாட். எங்கள் வீட்டு முதல் பயணத்திலும் இதேதான் நடந்தது. வெளியே 100 டிகிரி, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா இண்டக்ஷன் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து இரண்டாவது தோசையைத் திருப்புகிறார், யாரோ மைக்ரோவேவை அழுத்தினார்கள், ‘டக்’ என்று ஒரு சத்தம், ஏசி நின்றுபோனது. கணக்குப் போட்டால் புரியும். ஏசி ஒன்றரை ஆயிரம் வாட், இண்டக்ஷன் 1,800 வரை, அதற்கு மேல் மைக்ரோவேவ். தளத்துக் கம்பத்தில் இருந்த பிரேக்கரை முழுக்க அணைத்து, பிறகு மேலே தள்ளினால் சரியாகிவிடும், ஆனால் மறுபடி அதையே செய்தால் மறுபடி விழும். சமைக்கும் பத்து நிமிடம் ஏசியை நிறுத்துங்கள், இல்லையென்றால் வண்டியிலிருக்கிற கேஸ் அடுப்பைப் பயன்படுத்துங்கள்.

50 ஆம்ப் என்பது 20 ஆம்ப் கூடுதல் மட்டும் இல்லை, அதில் இரண்டு 120 வோல்ட் இணைப்புகள் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். கூரையில் இரண்டு ஏசி இருக்கிற வண்டி என்றால் கோடையில் 50 ஆம்ப் தளமாகவே பார்த்து எடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. முதியோருக்குப் பாதிக் கட்டணம் என்கிறார்களே?

62 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மத்திய அரசின் சீனியர் பாஸ் இருக்கிறது, கோர் நடத்துகிற முகாம்களில் பாதி வாடகை. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும், விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. அப்பாவிடம் கிரீன் கார்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மாநில, நகராட்சிப் பூங்காக்களில் இந்தப் பாஸ் செல்லாது.

கேள்வி: மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டுமா?

டெக்சஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் வேண்டாம். கோர், நகராட்சிக் கரைகளில் பெரியவர்களுக்கு வேண்டும்.

கேள்வி: ‘வாட்டர்ஃபிரண்ட்’ என்று கூடுதல் காசு கொடுத்தோம். போய்ப் பார்த்தால் முன்னால் சேறுதான். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, அணை நீர் அப்படித்தான் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு இயல்பு மட்டம் உண்டு. கிரேப்வைனுக்கு அது கடல்மட்டத்திலிருந்து 535 அடி, லூயிஸ்வில்லுக்கு 522. கோடைக் கடைசியில் சில அடி இறங்கினாலே தட்டையான கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். மழைக்காலத்தில் இதற்கு நேர் எதிர். 2015 மே மாத வெள்ளத்தில் இந்தப் பக்கத்து ஏரிக்கரை முகாம்கள் பல மூழ்கின. வடக்கே டெக்சோமா ஏரியில் இயல்பு மட்டம் 617 அடி, அந்த மாதம் 645 அடியைத் தாண்டித் தண்ணீர் வழிந்தோடியது. டெக்சஸ் நீர் வளர்ச்சி வாரியத்தின் ‘வாட்டர் டேட்டா ஃபார் டெக்சஸ்’ பக்கத்தில் ஒவ்வொரு ஏரியின் இன்றைய மட்டமும் இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பாருங்கள். இயல்பைவிட நாலு அடி குறைவு என்றால் கரைத் தளத்துக்குக் கூடுதல் காசு வேண்டாம், மரத்தடித் தளமே போதும். இயல்பைவிட ஏறியிருந்தால் பூங்காவுக்குப் போன் செய்து உங்கள் தளம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் இறங்கிய கரையில் பிள்ளைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். டெக்சஸில் முதன்முதலாக 2009-இல் டெக்சோமாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸீப்ரா சிப்பி இப்போது ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில் எல்லாவற்றிலும் இருக்கிறது. விரல்நகம் அளவுதான், கோடு கோடாக அழகாக இருக்கும், கல்லில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு பிளேடு மாதிரி, காலில் பட்டால் உடனே தெரியாது, ரத்தம் மணலில் சொட்டும்போதுதான் தெரியும். பின்பக்கம் வார் இருக்கிற செருப்பாக எடுத்துப் போங்கள், சாதாரணச் செருப்பு சேற்றில் நின்றுவிடும்.