பிறந்தநாள் அட்டையில் கிராஸ் ஸ்டிட்ச்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் கிராஸ் ஸ்டிட்ச்சை அட்டைக்காகத் தைக்கும்போது வரும் சந்தேகங்களை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அக்கா, கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் ரோஜா போட்டேன். கட்டம் எல்லாம் சரியாக எண்ணித்தான் தைத்தேன். ஆனாலும் பூ ஒரு பக்கம் மினுங்குது, ஒரு பக்கம் மங்கலா இருக்கு. நூல் மட்டமா?

நூல்மேல் பழி போடாதீர்கள். எம்பிராய்டரி நூலுக்கு ஒரு பளபளப்பு உண்டு, அது சாயும் திசைக்கு ஏற்ப வெளிச்சத்தைத் திருப்பும். பெருக்கல் குறியில் மேலே வரும் கோடு எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம்தான் சாய வேண்டும். நீங்கள் பாதியில் துணியைத் திருப்பிப் பிடித்துத் தைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். துணியின் மேல்மூலையில் ஒரு சேஃப்டி பின் குத்திவைத்தால் எது மேல்பக்கம் என்று மறக்காது. அப்புறம், ஒவ்வொரு குறியாக முடித்துக்கொண்டு போவதைவிட ஒரு வரிசை முழுக்கக் கீழ்க்கோடு போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மேல்கோடு போட்டு முடியுங்கள். கை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

பாகூரிலிருந்து: "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று முழுசாகத் தைக்க ஆசை. 14 கவுண்ட் துணி, அட்டையில் தையல் தெரிய வெட்டிய ஜன்னல் 3 அங்குல அகலம். இடம் போதுமா?

போதாதும்மா. 14 கவுண்ட் என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆக உங்களுக்கு இருப்பது 42 கட்டம், அதிலும் ஓரத்துக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று விட வேண்டும். "பிறந்தநாள்" என்பதற்கே ற, ந், நா, ள் என்று வளைவும் புள்ளியும் காலும் வருகிறது, ஓர் எழுத்துக்குச் சுமாராக 10 கட்டமாவது இல்லாவிட்டால் படிக்கவே முடியாது. ஆங்கில எழுத்து மாதிரி ஐந்து கட்டத்தில் அடக்கலாம் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரை மட்டும் கிராஸ் ஸ்டிட்ச்சில் போட்டு, வாழ்த்தை ஒற்றை இழையில், கோடு மாதிரி ஓடும் பின்தையலாகப் போடுங்கள், அல்லது பேனாவால் எழுதிவிடுங்கள். எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: பின்பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை, முடிச்சு போட்டால் என்ன அக்கா?

புடவையில் தெரியாது, அட்டையில் தெரியும் தம்பி! ஒட்டி அழுத்தியதும் ஒவ்வொரு முடிச்சும் கொப்புளம் மாதிரி முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கும். முடிச்சே இல்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையிலிருந்து ஒரே ஓர் இழையை இரண்டு முழத்துக்கு உருவி, இரண்டாக மடித்து, வெட்டிய இரு முனைகளையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலே வரும்போது மடிப்புக் கண்ணியைப் பின்னால் கொஞ்சம் விட்டுவைத்து, அடுத்த துளையில் இறங்கியதும் ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் தானாகவே இறுகிவிடும். 14 கவுண்ட்டுக்கு இரண்டு இழைதான் வேண்டும், அதுவும் சரியாக அமைந்துவிடுகிறது. முடிக்கும்போது பின்னால் இருக்கும் மூன்று நான்கு தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டுங்கள். பொம்மை முகம் தைத்தால் கறுப்பு நூலை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் பின்னாலேயே தாவவிடாதீர்கள், வெள்ளைத் துணியில் நிழல் மாதிரி தெரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து: துணியே இல்லாமல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து கைக்காகிதத்தில் நேரடியாகத் தைக்கலாமா?

தாராளமாக. எஸ்.வி. பட்டேல் சாலையில் செய்கிற அந்தக் காகிதம் பருத்தித் துணிக்கழிவிலிருந்து வருவதால் சாதாரண சார்ட் பேப்பரைவிடக் கிழியாமல் தாங்கும். ஆனால் ஊசியாலேயே துளை தேடக் கூடாது. கிராஃப் தாளை மேலே வைத்து, அடியில் தெர்மாகோல் வைத்து, 2 மில்லிமீட்டருக்கு ஒரு துளையாக முன்கூட்டியே குத்திவிடுங்கள், அங்குலத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வரும். நூலை இழுக்காமல் படியவிடுங்கள். துணியில் தப்பாகப் போட்டால் பிரிக்கலாம், இதில் பிரித்தால் ஓட்டை ஓட்டைதான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: எந்த ஊசி?

14 கவுண்ட்டுக்கு 24ஆம் நம்பர், முனை மழுங்கியது. கூர் ஊசி துணியின் இழையைக் குத்திப் பிளந்துவிடும்.

முதலியார்பேட்டையிலிருந்து: சிவப்பு நூல் சாயம் இறங்கி வெள்ளை பாழாகிவிட்டது. தேய்த்தால் போகுமா?

ஐயோ, இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். காயவிடாமல் குளிர்ந்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும். அடுத்த தடவை தைக்கும் முன்னால் ஈர வெள்ளைத் துணியில் நூலை அழுத்திப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்வையே போதும் சாயம் விட.

கடலூர் ஓ.டி.யிலிருந்து: ஒட்டுவதற்கு கம்மா, டேப்பா?

இருபக்க டேப். என் முதல் அட்டையில் கம் தடவி, அது துணிக்குள் ஊறி, கொடுக்கும் நாளுக்குள் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அட்டையை மூன்றாக மடிக்கும்படி வெட்டி, நடுப்பகுதியில் ஜன்னல் வைத்து, ஒரு மடிப்பால் பின்பக்கத்தை மூடிவிடுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: அக்கா, பிறந்தநாள் நாளைக்கு!

அப்போ ரோஜா வேண்டாம். 11 கவுண்ட் துணியில் மூன்று இழை வைத்துப் பெயரின் முதல் எழுத்து மட்டும். ஓரத்தில் நான்கைந்து இழையை உருவிக் குஞ்சம் மாதிரி விட்டு அப்படியே அட்டை மேல் ஒட்டுங்கள், ஜன்னல் வெட்டும் வேலையும் மிச்சம்.